தண்டவாளத்தைத் திருப்பிய காலம்

1903 டிசம்பர் 17. கிட்டி ஹாக் அருகே மணல்வெளியில் ரைட் சகோதரர்கள் அன்று நான்கு தடவை பறந்தார்கள். கடைசித் தடவை 59 விநாடி, 852 அடி. இதெல்லாம் நமக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. விமானத்தைத் தரையில் நிறுத்திவிட்டு எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது ஒரு காற்று வீச்சு வந்து அதைத் தூக்கிப் புரட்டிப் போட்டது. பிடிக்கப் போன ஜான் டேனியல்ஸ் உள்ளே சிக்கி உருண்டார். ஆள் பிழைத்தார். விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்வாங்க. அம்மியே அப்படின்னா, பறப்பதற்கென்றே செய்த பொருளைப் பற்றிக் கேட்கணுமா?

ஆனால் என் கவனத்தை இழுத்தது வேறொன்று. அன்று விமானம் கிளம்பியது 60 அடி நீளத் தண்டவாளத்திலிருந்து. காற்று வடக்கிலிருந்து மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசியது. தண்டவாளத்தை நேராக அதை எதிர்த்துப் போட்டார்கள். அதாவது, முதல் ரன்வேயையே காற்றுக்குத் தகுந்தபடி திருப்பிப் போட முடிந்தது.

அடுத்து வந்த விமான நிலையங்கள் பெரும்பாலும் அகலமான புல்வெளிகள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மூக்கை அதற்கு நேரே திருப்பிக் கிளம்பலாம். விமானங்கள் கனமாக ஆக, புல் தாங்கவில்லை. 1928-ல் திறந்த நியூவார்க் விமான நிலையத்தில் தார் ஓடுபாதை வந்தது. போட்ட பாதையைத் திருப்ப முடியாது, காற்றுக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இதற்கு ஒரு வழி செய்தது. பல விமானத் தளங்களில் மூன்று ஓடுபாதைகளை முக்கோணமாக, 60 டிகிரி இடைவெளியில் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு திசை, ஆக ஆறு. காற்று எங்கிருந்து வந்தாலும் ஏதோ ஒரு பாதையிலிருந்து அதிகபட்சம் 30 டிகிரிதான் விலகியிருக்கும். அப்போது பக்கவாட்டில் தள்ளும் பங்கு காற்றின் வேகத்தில் பாதி.

இன்று பல சின்ன விமான நிலையங்களில் ஓடுபாதை ஒன்றே ஒன்று. அங்கே ஒரு சின்ன விமானம் பக்கக்காற்றில் ஓடத் தொடங்கும்போது என்ன நடக்கிறது? வால் காற்றாடி மாதிரி செயல்பட்டு மூக்கைக் காற்றுப் பக்கம் இழுக்கும். காற்றுப் பக்கத்து இறக்கை எழும்பப் பார்க்கும். இரண்டையும் விமானி அடக்கணும். ஆனால் வேகம் குறைவாக இருக்கும்போது சுக்கான் சரியாகப் பேசாது. போதாக்குறைக்கு, பெரும்பாலான ஒற்றை எஞ்சின் விமானங்கள் முழு பவரில் இயல்பாகவே இடப்பக்கம் இழுக்கும். காற்றும் இடமிருந்து வந்தால் இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும்.

சீரான காற்று என்றால் பழகிவிடலாம். விட்டு விட்டு வீசுவதுதான் ஆபத்து. ஒரு வீச்சு, போதிய வேகம் வரும் முன்பே விமானத்தைத் தூக்கிவிடும். அடுத்த நொடி வீச்சு அடங்கும். விமானம் பக்கவாட்டில் நகர்ந்தபடியே கீழே இறங்கும், சக்கரம் கோணலாகத் தரையில் இடிக்கும், இறக்கை நுனி தரையைத் தொடும்.

செஸ்னா 172 கையேட்டில் பக்கக்காற்றுக்கு 15 நாட் என்று ஓர் எண் உண்டு. நிறைய பேர் அதை வரம்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது சோதனையில் செய்து காட்டிய அளவு. "ஆயிரம் பேர் வரை லோட் டெஸ்ட் பண்ணியாச்சு" என்று நாங்க எழுதுவோமே, அந்த மாதிரி. 1001-வது ஆள் வந்தால் விழும்னும் அர்த்தமில்லை, தாங்கும்னும் அர்த்தமில்லை. அதோடு, டெஸ்ட் பண்ணியவர் தேர்ந்த சோதனை விமானி.

1996 ஏப்ரல் 11, அமெரிக்காவின் வயோமிங் மாநிலம், சையேன். ஏழு வயது ஜெசிகா டூப்ராஃப், அவள் அப்பா, பயிற்சியாளர் மூவரும் ஒரு செஸ்னா 177பி-யில் கிளம்பினார்கள். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும் பயணம், பின்னால் ஊடகப் பட்டாளம். இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது. சற்று முன் கிளம்பிய இன்னொரு விமானி காற்றின் வேகம் சட்டென்று மாறுவதாகச் சொல்லியிருந்தார். விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல். விமானத்தில் அனுமதித்ததைவிட 96 பவுண்டு கூடுதல் எடை. ஏறிய சிறிது நேரத்தில் வேகம் இழந்து, ஸ்டால் ஆகி, குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கை பயிற்சியாளரின் முடிவைத்தான் காரணமாகச் சொன்னது: மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில், கூடுதல் எடையோடு கிளம்பியது. பயண அட்டவணையையும் ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றும் ஆசையைத் துணைக்காரணமாகச் சேர்த்தது. அதே ஆண்டு, சாதனைக்காகக் குழந்தைகளை ஓட்டவிடுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆனால் அட்டவணைக்காகக் கிளம்பாதே என்று எந்தச் சட்டத்தால் தடுக்க முடியும்?

ரைட் சகோதரர்கள் தண்டவாளத்தைத் திருப்பினார்கள். புல்வெளிக்காரர்கள் மூக்கைத் திருப்பினார்கள். கான்கிரீட்டில் நிற்பவர் விமானத்தையே திருப்பிக்கொண்டு ஹேங்கருக்குப் போகலாம். அந்த வழி இன்றும் திறந்துதான் இருக்கிறது.