‘சார்டிட்’ என்றால் என்ன? பொள்ளாச்சி வழக்குக்கு அந்தச் சொல் ஏன் பொருந்துகிறது?

‘சார்டிட் க்ரைம்’, ‘சார்டிட் அஃபேர்’ என்றெல்லாம் ஆங்கில நாளிதழ்களில் படித்திருப்போம். அகராதியைப் புரட்டினால் ‘இழிவான’, ‘அருவருப்பான’ என்று இருக்கும். அவ்வளவுதானா?

லத்தீனில் ‘சோர்டெஸ்’ என்றால் அழுக்கு. அதிலிருந்து வந்த சொல்தான் இது. குப்பையும் நாற்றமுமாகக் கிடக்கும் லாட்ஜ் அறையையும் ‘சார்டிட்’ எனலாம், மனதின் அழுக்கையும் சொல்லலாம். ஆனால் எல்லா தப்பும் சார்டிட் ஆகிவிடாது. கோபத்தில் ஒருவர் கை நீட்டினால் அது குற்றம்தான், சார்டிட் இல்லை. பேராசை, காமம், வஞ்சகம் என ஏதோ ஒரு அற்ப நோக்கம் உள்ளே இருக்க வேண்டும்.

பொள்ளாச்சி வழக்கை எடுத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரியில் கல்லூரி மாணவி ஒருவர் புகார் கொடுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. நட்பாகப் பழகி, நம்பவைத்து அழைத்துச் சென்று, பாலியல் வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து, அதை வைத்தே மிரட்டியது ஒரு கும்பல்.

இதற்கு நம் வாயில் சட்டென்று வரும் சொல் ‘அசிங்கம்’. சிக்கலே அங்கேதான். “வெளிய தெரிஞ்சா அசிங்கமுங்க” என்று ஊரில் சொல்லும்போது அந்த அசிங்கம் யார் தலையில் விழுகிறது? பாதிக்கப்பட்ட பெண் தலையில். அந்த பயத்தை நம்பித்தான் கும்பல் வீடியோவே எடுத்தது. ‘சார்டிட் க்ரைம்’ எனும்போது அழுக்கு, செய்தவன் பக்கமே நிற்கிறது.

அதற்காக ஆங்கிலம் சுத்தம் என்றும் இல்லை. ‘சார்டிட் டீடெயில்ஸ்’ என்ற தொடரில் கிளுகிளுப்புத் தேடும் வாடை உண்டு. யாரு, எந்த ஊரு என்று தோண்டுகிற அந்த ஆர்வம் சட்டப்படியும் ஆபத்தானது. பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி குற்றம், முன்பு இது ஐபிசி 228ஏ. இத்தனைக்கும், விசாரணையை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலேயே மாணவியின் பெயர் இடம்பெற்றது! அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. சாட்சிகளில் ஒருவர்கூட பிறழவில்லை என்றார் அரசு வழக்கறிஞர்.