ஓரிகனும் அவருடைய "ஆளோட்டி"யும்

பண்டைத் திருச்சபைப் பிதாக்களுள் மிகுதியான நூல்களை அளித்தவர்களை எண்ணும்போது, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓரிகனின் பெயரை நாம் முன்வரிசையில் வைக்கிறோம். அவர் எழுதினார் என்பதைவிட, அவர் சொல்லப் பிறர் எழுதினர் என்பதே பொருந்தும். அப்பிறர் யாவர், அவர்களுக்குக் கூலி கொடுத்தவர் யார் என்னும் வினாவை நம் வரலாற்று வகுப்புகளில் பெரும்பாலும் நாம் எழுப்புவதில்லை.

ஏறத்தாழ கி.பி. 202-ல் அலெக்சாந்திரியாவில் அவருடைய தந்தை லெயோனிதஸ் இரத்தசாட்சியாக மரித்தார். குடும்பச் சொத்து பறிமுதலாயிற்று. தாயோடும் ஆறு இளைய சகோதரரோடும் வறுமையுற்ற ஓரிகனுக்குச் செல்வம் மிக்க ஒரு பெண்மணி தம் இல்லத்தில் இடமளித்தார். பின்னர் அவர் தம்மிடமிருந்த பழைய இலக்கிய ஏடுகளை விற்று, வாங்கியவர் நாள்தோறும் கொடுத்துவந்த 4 ஓபோல் காசில் வாழ்ந்தார். ஏடுகளை விற்று உண்டவர் ஏடுகளைப் பெருக்குபவராக மாறியது அம்புரோஸ் என்னும் புரவலரால். (மிலான் நகர அத்தியட்சர் அம்புரோஸ் வேறு, அவர் அடுத்த நூற்றாண்டினர்.)

இந்த அம்புரோஸ் வாலெந்தீனியரின் கொள்கையைப் பற்றியிருந்து, ஓரிகனின் போதனையால் சபையின் விசுவாசத்துக்கு வந்தவர். அவர் செய்த உதவியை யூசேபியஸ் தமது சபைச் சரித்திரத்தில் விவரிக்கிறார். ஓரிகன் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு 7 பேருக்கு மேற்பட்ட சுருக்கெழுத்தாளர் குறித்த வேளைகளில் மாறி மாறி அமர்ந்தனர். அவர்களுக்குக் குறையாத தொகையில் படியெடுப்போர் இருந்தனர். அழகுற எழுதப் பயின்ற இளம்பெண்களும் இருந்தனர். செலவு முழுவதும் அம்புரோஸுடையது.

இதற்கு ஓரிகன் நன்றி கூறிய விதம் விசித்திரமானது. யோவான் சுவிசேஷ விளக்கவுரையின் ஐந்தாம் புத்தக முன்னுரையில் அம்புரோஸைத் தேவனுடைய ஆளோட்டி என்று அவர் அழைக்கிறார். யாத்திராகமத்தில் இஸ்ரவேலரைக் கொடுமையாய் வேலைவாங்கிய பார்வோனின் ஆட்களுக்கு எழுபதின்மர் மொழிபெயர்ப்பு வழங்கும் அதே கிரேக்கச் சொல் அது! இது நன்றியா, முறையீடா? இரண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். எழுதுவதற்குப் பணம் தருபவர் எழுத்தைக் கேட்காமல் இருப்பதில்லை. கி.பி. 248-ஐ ஒட்டிச் செல்சஸுக்கு மறுப்பு எழுதியபோதும் ஓரிகனுக்கு மனமில்லை. பொய்ச்சாட்சிகளுக்கு முன் ஆண்டவர் மௌனமாயிருந்ததை முன்னுரையில் நினைவூட்டியே தொடங்குகிறார். ஆயினும் அம்புரோஸ் கேட்டதற்காக 8 புத்தகங்கள் எழுதி முடித்தார். செல்சஸின் நூல் பின்னர் அழிந்துபோயிற்று. அதன் வாசகங்களை இன்று நாம் அறிவது இம்மறுப்பின் வாயிலாகவே. ஆளோட்டியின் பிடிவாதத்துக்கு நாமும் கடனாளிகள்.

கி.பி. 235-ல் மாக்சிமின் அரசனின் காலத்து உபத்திரவத்தில் அம்புரோஸ் ஆபத்துக்குள்ளானார். அப்போது இரத்தசாட்சியத்துக்கு ஏவும் நூலொன்றை அவருக்கும் செசரியாவின் மூப்பர் புரோத்தொக்தேத்துவுக்கும் ஓரிகன் எழுதினார். இதுவரை எழுதச் சொன்னவருக்கு, அவர் கேளாமலே தேவைப்பட்ட நூல் அது. நன்றி என்னும் சொல்லை அதில் தேட வேண்டியதில்லை.

சுருக்கெழுத்தாளரைப் பற்றிய அவருடைய குறிப்பு மிகச் சிறியது. எனினும் உண்மை நிரம்பியது. அலெக்சாந்திரியாவில் எழுந்த எதிர்ப்பினால் அந்நகரை விட்டுச் செசரியா சென்றபின், வழக்கமான எழுத்தாளர் உடனில்லாமையால் விளக்கவுரையைத் தொடர இயலவில்லை என்று ஆறாம் புத்தகத் தொடக்கத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். அக்காலத்தின் பேரறிஞர், எழுதும் கைகள் இல்லாமையால் வாளாவிருந்தார்.

அம்புரோஸ் ஓரிகனுக்கு முன்னரே இறந்தார். செல்வந்தராயிருந்தும், முதுமையும் வறுமையும் உற்ற தம் நண்பரை மரணவேளையில் நினையாமற்போனார் என்று பலர் அவரைக் குறைகூறியதாக ஜெரோம் எழுதுகிறார். அக்குறை நியாயமாக இருக்கலாம். ஆனால் அம்புரோஸின் பெயராவது ஓரிகனின் முன்னுரைகளில் நிலைத்துவிட்டது. அந்தச் சுருக்கெழுத்தாளர், படியெடுப்போர், இளம்பெண்கள் ஆகியோரின் தொகையையும் தொழிலையும் யூசேபியஸ் கவனமாகக் குறித்துவைத்தார்; ஒருவருடைய பெயரையும் குறிக்கவில்லை.