சொல்பேச்சு கேட்காத நோயாளிகள்

1895ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் ஆர்தர் மேயோ ராப்சனிடம் அறுவை சிகிச்சைக்கு வந்தார். சுரங்கத்தில் மண் சரிந்து முழங்கால் நசுங்கி எட்டு மாதங்கள் ஓடியிருந்தன. கால் ஊன்றினால் நிற்கவில்லை. ராப்சன் மூட்டைத் திறந்து பார்த்தபோது, உள்ளே குறுக்கும் மறுக்குமாகப் போகும் இரண்டு ஜவ்வுகளும் தொடை எலும்பிலிருந்து பிய்ந்து கிடந்தன. அவற்றைப் பழைய இடத்திலேயே வைத்துத் தைத்தார். பல ஆண்டுகள் கழித்தும் அந்த மனிதர் நொண்டாமல் நடந்தார். 1903இல் ராப்சன் இதை எழுதி வெளியிட்டார்.

அந்த இரண்டில் முன்னால் இருப்பதுதான் ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமலும், திரும்பும்போது மூட்டு பிசகாமலும் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. ஓடுகிறவர் சட்டென்று திசை மாறும்போதும் குதித்து இறங்கும்போதும் அறுவது பெரும்பாலும் இதுதான். ஆனால் ராப்சனின் தையல் எல்லோருக்கும் கைகொடுக்கவில்லை. மூட்டுக்குள் திரவம் நிறைந்திருப்பதால் அறுந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் உறைந்து நிற்பதில்லை. உறையாத இடத்தில் திசு ஒட்டாது.

பிரிஸ்டலில் எர்னஸ்ட் ஹே குரோவ்ஸ் தையலை விட்டுவிட்டார். 1917இல் அவர் தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் தடித்த நார்ப்பட்டையில் ஒரு கீற்றை அறுத்தெடுத்தார். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டார். பழைய ஜவ்வு ஓடிய அதே தடத்தில் கீற்றை நுழைத்து இழுத்துக் கட்டினார். எம்.ஆர்.ஐ. கிடையாது, மூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் கேமராவும் கிடையாது. 1920இல் 14 பேருக்குச் செய்த விவரத்தை வெளியிட்டார். இன்று உலகெங்கும் நடக்கும் ஏ.சி.எல். அறுவை இதே அடிப்படையில்தான் நடக்கிறது. அதற்குரிய புகழ் அவருக்கு இன்னும் சேரவில்லை.

பின்னால் வந்தவர்கள் நாரை எங்கிருந்து எடுப்பது என்பதில் இறங்கினார்கள். இத்தாலியின் கலியாட்சி 1934இல் தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்தார். அமெரிக்காவின் கென்னத் ஜோன்ஸ் 1963இல் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணின் நடுப்பகுதியை எடுத்தார். இந்த வகையில் இப்போது சுமார் 10 மில்லிமீட்டர் அகலக் கீற்றை, இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு பெயர்த்து எடுக்கிறார்கள். துண்டைத் துளைக்குள் செருகிப் பக்கத்தில் ஒரு திருகாணியை முறுக்கினால், எலும்பும் எலும்பும் சில வாரங்களில் பற்றிக்கொள்ளும். கார்பன் இழை, கோர்-டெக்ஸ் போன்ற செயற்கை நார்களும் வந்தன. அவை தேய்ந்து அறுந்தன, மூட்டை வீங்கவைத்தன. 1980இல் பிரிட்டனின் டேவிட் டேண்டி மூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஆர்த்ராஸ்கோப் கருவியின் உதவியோடு இந்த அறுவையைச் செய்தார். மூட்டைப் பிளக்க வேண்டிய தேவை அதன்பிறகு படிப்படியாகக் குறைந்தது.

ஆனால் அறுவைக்குப் பிந்தைய சிகிச்சை பழைய காலத்திலேயே நின்றது. புது நார் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் முழங்காலை மடக்கியபடியே வாரக்கணக்கில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்தால் தொடை சூம்பியிருக்கும், காலை நேராக நீட்ட முடியாது. எத்தனையோ பேருக்கு அறுவை வெற்றி, முழங்கால் மட்டும் விறைப்பு.

இதை மாற்றியது நோயாளிகள். 1980களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் அறுவை மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன் தன்னிடம் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார். சிலர் சொன்னபடி கேட்கவில்லை. அனுமதிக்கு முன்பே காலை நீட்டி மடக்கினார்கள், ஊன்றி நடந்தார்கள், விளையாடவும் போனார்கள். அவர்களுடைய நார்தான் முதலில் அறும் என்று எவரும் நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. அவர்களுடைய மூட்டு நன்றாக நீண்டு மடங்கியது, நாரும் உறுதியாக இருந்தது. ஷெல்போர்ன் அவர்களைக் கடிந்துகொள்ளாமல் தன் முறையை மாற்றிக்கொண்டார். முதல் நாட்களிலேயே முழங்காலை முழுதாக நீட்டுவது, தாங்கும் அளவுக்கு எடையை ஊன்றுவது என்ற புதிய முறையை 1990இல் பால் நிட்ஸுடன் சேர்ந்து வெளியிட்டார். ஒரு மருத்துவர் தன் உத்தரவை மீறியவர்களிடம் பாடம் கற்க முன்வந்தது இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி.

வேகம் கூடியதும் மறுபக்க ஆபத்தும் தெரிந்தது. எடுத்து வைத்த நாருக்கு முதலில் ரத்த ஓட்டம் கிடையாது. அதன் செல்கள் மடிந்து, உடம்பின் புது ரத்தக்குழாய்களும் செல்களும் மெல்ல உள்ளே ஊர வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகும். வலி போய், வீக்கம் வடிந்து, மைதானத்துக்கு ஓடலாம் என்று மனசு சொல்லும் மூன்றாம் மாதத்தில் நார் இன்னும் பலவீனம்தான். 2016இல் வெளியான டெலாவேர்-ஆஸ்லோ ஆய்வு, ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைவதைக் காட்டியது. அதனால் பிசியோதெரபிஸ்ட்கள் இப்போது நாள்காட்டியோடு அளவுநாடாவையும் எடுக்கிறார்கள். ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி, அறுவை நடந்த கால் மற்ற காலின் தூரத்தில் 90 சதவீதத்தை எட்டாவிட்டால் மறுபடி பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.