ஊளைச்சதை கரைந்த வரலாறு

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது நம் ஊர்களில் இன்றும் வழங்கும் பழமொழி. மெலிவும் பருமையும் உணவால் வருவன, உணவாலேயே திருத்தத்தக்கன என்னும் தெளிவு அதனுள் பொதிந்து கிடக்கிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே வலியுறுத்துகிறது. ஆயினும், உடலில் தங்கிய கொழுப்பு கரையும்போது எங்கே போகிறது, கரைய மறுக்கும்போது ஏன் மறுக்கிறது என்னும் வினாக்களுக்கு விடை காண மாந்தகுலம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தாலி நாட்டுப் பதுவா நகரில் சான்டோரியோ என்றொரு மருத்துவர் வாழ்ந்தார் (1561–1636). பெரியதொரு துலாக்கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தே உண்டார். உண்ட உணவையும், பருகிய நீரையும், கழித்த கழிவையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். எட்டுப் பவுண்டு உணவும் நீரும் உட்கொண்டால் அவற்றுள் ஐந்து பவுண்டு கண்ணுக்குப் புலனாகாமலே உடலைவிட்டு நீங்கிவிடுகிறது என்று 1614ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் எழுதினார். அது தோல்வழியும் மூச்சுவழியும் நீங்குவது என்று அவர் கொண்டது சரியே. மூச்சில் கலந்து போவது யாது என்பது அவருக்குப் பின் 170 ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

அதைக் கண்டவர் பிரான்சு நாட்டு லவாசியே. பனிக்கட்டி சூழ்ந்த கலத்துள் கினிப்பன்றி ஒன்றை இருத்தி, உருகிய நீரின் அளவால் அதன் உடல் வெப்பத்தை அளந்தார். அது வெளியிட்ட கரியமில வாயுவையும் அளந்தார். விளக்கில் எண்ணெய் எரிவதும் உடலில் உணவு எரிவதும் ஒரே வினையே என்பது அவர் கண்ட முடிவு. பின்னர் தம் துணைவரான செகன் என்பவரையே ஆய்வுப்பொருளாக்கி, உடலுழைப்பின்போது பிராணவாயு மிகுதியாகச் செலவாவதைக் காட்டினார். உழைப்பவன் உடல் மிகுதியாக எரிகிறது, ஆனால் உணவு மிகுதியாகக் கிடைப்பதோ உழைக்காதவனுக்கு என்று அந்த ஆய்வுரையிலேயே அவர் வருந்தியிருக்கிறார். அத்தகைய அறிஞரைப் பிரெஞ்சுப் புரட்சி 1794இல் தலைவெட்டும் பொறிக்கு இரையாக்கியது.

கொள்கை ஒருபுறம் இவ்வாறு வளர, தொந்தியால் துன்புற்றோர் தம் வழியைத் தாமே தேடினர். அவர்களுள் ஜார்ஜ் செய்ன் என்பவர் நம்மவர்க்குச் சிறப்பாக அறிமுகமாக வேண்டியவர். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் மருத்துவத் தொழில் தொடங்கிய இவர், நோயாளிகளைச் சேர்க்கும் பொருட்டு விடுதிகளில் உண்டு குடித்துப் பழகி, ஏறத்தாழ 200 கிலோ எடையுடையவரானார். நடக்க இயலாத நிலையில் புலாலையும் மதுவையும் விடுத்துப் பாலும் தாவர உணவும் மட்டுமே கொண்டார்; எடை பெரிதும் குறைந்தது. நோன்பைத் தளர்த்தியதும் பழைய பருமன் மீண்டது. மீண்டும் பாலுணவுக்கே திரும்பி, 1743இல் இறக்கும்வரை அதிலேயே நின்றார். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் புலால் மறுத்தலை மருந்தாக எழுதி வைத்தார் என்பது நமக்கு மகிழ்வு தரும் செய்தி. எனினும் அவர் எழுதியது உடல் நலம் கருதியே ஆதலின், அதனை நம் அறத்தின் வெற்றியாகக் கொண்டாடுதல் பொருந்தாது.

இவ்வரலாற்றின் நடுநாயகர் வில்லியம் பான்டிங். லண்டனில் செல்வர்க்கும் அரச குடும்பத்தார்க்கும் இறுதி ஊர்வல ஏற்பாடுகள் செய்துவந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஐந்தடி ஐந்தங்குல உயரம். 1862இல், தம் 66ஆம் அகவையில், எடை 202 பவுண்டு, அதாவது 91 கிலோவுக்கும் மேல். குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட இயலாது. மூட்டுகளில் பாரம் தாங்காமையால் மாடிப்படிகளில் பின்னோக்கியே இறங்குவார். தெருவில் பிறர் செய்யும் கேலிக்கு அஞ்சிப் பொது இடங்களைத் தவிர்த்தார். ‘சோம்பலாலும் பெருந்தீனியாலும் வந்த வினை’ என்று ஊரார் பேசினர். உண்மையில் அவர் செய்யாத முயற்சி இல்லை. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் கனத்த படகைத் துடுப்பு வலித்துப் பார்த்தார். தசை வலுத்தது, பசியும் வலுத்தது, எடையும் ஏறியது. கடல் நீராடினார், குதிரை ஏறினார். துருக்கிக் குளியல் ஐம்பது எடுத்தும் குறைந்தது ஆறே பவுண்டு.

இறுதியில் காது மந்தமாகவே, வில்லியம் ஹார்வி என்னும் செவி மருத்துவரை நாடினார். குருதியோட்டம் கண்ட ஹார்வி வேறு. அவர் இவருக்கு இருநூறாண்டு முற்பட்டவர். இந்த ஹார்வி பாரிசு நகரில் கிளாட் பெர்னார்டு நீரிழிவையும் கல்லீரலையும் பற்றி ஆற்றிய உரையைக் கேட்டிருந்தார். காதை அடைப்பதும் கொழுப்பே என்று கருதி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறையும் விலக்கச் சொன்னார். ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது, இடுப்புச் சுற்றளவு பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் சுருங்கியது, செவியும் தெளிந்தது. பான்டிங் தம் பட்டறிவை 1863இல் சிறு நூலாக அச்சிட்டு இலவசமாகவே வழங்கினார். பின்னர் விற்று வந்த ஆதாயத்தையும் அறத்துக்கே ஈந்தார். அவர் பெயர் வினைச்சொல்லாகவே மாறியது. சுவீடன் மொழியில் ‘பன்டா’ என்றால் இன்றும் உணவைக் குறைத்து மெலிதல் என்றே பொருள். பான்டிங் 81 அகவைவரை வாழ்ந்தார்.

அவர் உண்டவற்றுள் இறைச்சியும் மீனும் மதுவும் மிகுதி என்பதால் அந்தப் பட்டியல் நம் அடுக்களைக்கு உதவாது. நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது, அவர் விலக்கியவற்றுள் முதன்மையானவை மாவும் சர்க்கரையும் என்பதே.

அப்படியாயின் உடற்பயிற்சி வீணோ எனின், அன்று. 1949ஆம் ஆண்டு தொடங்கி, ஜெர்மி மாரிஸ் என்னும் மருத்துவர் லண்டன் போக்குவரத்துத் துறைத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரை ஆராய்ந்தார். ஒரே பேருந்து, ஒரே ஊர், ஒத்த வாழ்க்கைநிலை. ஆனால் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார், நடத்துநரோ ஈரடுக்குப் பேருந்தின் படிகளில் நாளொன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு முறை கால் வைத்து ஏறுகிறார். நடத்துநர்க்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்றாண்டு கழித்து அதே குழுவினர் சீருடைக் கிடங்கின் பதிவேடுகளைப் புரட்டினர். கால்சட்டை இடுப்பளவு, எல்லா அகவையிலும் ஓட்டுநர்க்கே மிகுதியாக இருந்தது. இளம் அகவையிலேயே ஓட்டுநர் பருத்திருந்தனர் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பருத்தவர்தாம் அமரும் வேலையைத் தேடிச் சென்றனரோ என்னும் ஐயத்துக்கு அது இடம் தந்தது. எனினும் இடுப்பளவு எதுவாயினும் படியேறுவோரின் இதயம் காக்கப்பட்டது என்பதே மாரிஸ் கண்ட முடிவு. தொந்தி குறையவில்லையே என்று நடையை நிறுத்திவிடுவோர் இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். மாரிஸ் தாமும் பயிற்சியை விடாமல், நூறாம் அகவையை எட்டும் நிலையில் 2009இல் மறைந்தார்.

கொழுப்பின் பிடிவாதத்துக்குரிய காரணம் வேறோர் ஆய்வில் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடம் தராது என மறுத்த அமெரிக்க இளைஞர் 36 பேர், 1944இல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வுக்குத் தம் உடலைத் தந்தனர். பிறர் உயிரைக் கொல்லாமைக்காகத் தாம் பட்டினியை ஏற்றவர்கள், நம் வணக்கத்துக்குரியவர்கள். ஆறு திங்கள் அரைவயிற்று உணவில் உடலெடையில் கால்பங்கு குறைந்தது. ஆனால் நாடி தணிந்தது, உடற்சூடு குறைந்தது, உடல் தன் செலவைத் தானே சுருக்கிக்கொண்டது. சமையற்குறிப்பு நூல்களை வாசிப்பதே சிலர்க்குப் பொழுதுபோக்காயிற்று. உணவு மீண்டும் கிடைத்தபோது, தசையினும் முந்திக்கொண்டு கொழுப்பு திரும்பியது. பஞ்சத்தில் உயிர் காக்க உடல் கற்ற பாடம் அது. அதனால்தான் திடீர்ப் பட்டினி நிலைத்த பயன் தருவதில்லை.

வயிற்றை மட்டும் மடக்கி நிமிர்த்தினால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பதும் பொய்த்துப்போன நம்பிக்கையே. டென்னிசு ஆட்டக்காரர்களின் இரு கைகளையும் 1971இல் அளந்து பார்த்தபோது, மட்டை பிடிக்கும் கையில் தசை மிகுந்திருந்தது. தோலடிக் கொழுப்பில் வேறுபாடு இல்லை. எங்கிருந்து எடுப்பது என்பதை உடலே முடிவு செய்கிறது. எடுத்தது எங்கே போகிறது என்பதை 2014இல் ஆஸ்திரேலியர் இருவர் கணக்கிட்டுக் காட்டினர்: பத்துக் கிலோ கொழுப்பில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேற, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. சான்டோரியோவின் துலாக்கோலில் காணாமற்போனவற்றுள் இம்மூச்சும் ஒன்று.

நம் குடும்பங்களைப் பற்றியும் ஒரு சொல். இரவுணவு விலக்கு நம் மரபு. அகத்தவம், புறத்தவம் என்னும் பகுப்பில் புறத்தவம் ஆறனுள் உண்ணாமையும், குறைத்து உண்ணலும், சுவை துறத்தலும் அடங்கும். இவை வினை உதிர்க்க வந்தவை. இடுப்பைச் சுருக்க வந்தவை அல்ல. ஆனால் மாலையில் பொழுது சாய்வதற்குள் என்று அவசரமாக இருமடங்கு சோற்றைக் குவித்துக்கொள்வதும், பாரணையன்று நெய்யும் வெல்லமும் கலந்து ஈடுகட்டுவதும் குறைத்து உண்ணலாகா. புலால் உண்ணாதார்க்கு நீரிழிவு வராது என்று கூறிக்கொண்டே மாத்திரை விழுங்குவோர் நம்மிடையே எத்தனை பேர்! மருந்துண்போர் உண்ணாநோன்பு ஏற்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது நோன்புக்கு இழுக்கன்று.

மெலிந்து காண்போரும் இதில் விலக்கல்லர். புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் ஆங்கிலேய மருத்துவர் யட்கினும் அருகருகே நிற்கும் படமொன்று 2004இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவர்க்கும் 22.3, உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம் நாட்டவருக்கு 21.2 விழுக்காடு. ஆதலின் இந்தியருக்கு எடையினும் இடுப்பளவே நம்பத்தக்கது என்று மருத்துவர் கருதுகின்றனர். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டர், மகளிர்க்கு 80 சென்டிமீட்டர் என்பது அவர்கள் வகுத்த எல்லை. அளக்க வேண்டிய இடம் வேட்டி கட்டும் இடமன்று; கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் நாடாவைச் சுற்ற வேண்டும்.