எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ்: ஒரு கோல்ஃப் குச்சியின் கதை

கோல்ஃபைப் பத்தி தமிழ்ல ஒரு பதிவான்னு சிலர் தலையில் அடித்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. பணக்காரங்க விளையாட்டு, நமக்கெதுக்குன்னு கிளம்புறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. இது ஒரு குச்சியைப் பற்றிய பதிவு. அந்தக் குச்சி எவ்வளவு வளையணும் என்ற கேள்வி எப்போ பிறந்தது, யாருக்காகப் பிறந்தது, அதுக்கு ஒழுங்கான பதில் கிடைச்சுதா என்பதைப் பற்றிய பதிவு.

விளையாடாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கோல்ஃப் மட்டைக்கு மூணு பாகம். கையில் பிடிக்கிற கிரிப், பந்தை அடிக்கிற தலை, ரெண்டையும் இணைக்கிற ஷாஃப்ட், அதாவது தண்டு. கடையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலான தண்டுகளின் மேல் ஓர் எழுத்து இருக்கும். எல் என்றால் பெண்களுக்கு, ஏ என்றால் வயதானவர்களுக்கு, ஆர் ரெகுலர், எஸ் ஸ்டிஃப், எக்ஸ் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். வேகமா வீசுறவனுக்கு விறைப்பான தண்டு, மெதுவா வீசுறவனுக்கு வளையற தண்டு. இதுதான் சூத்திரம். தப்பான எழுத்தை எடுத்தால் பந்து புதருக்குள்ளதான் போகும்னு பயமுறுத்துவதும் உண்டு.

வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிற சாதாரண ஆளுக்கு இந்த எழுத்து நிஜமாவே முக்கியமா? இதுக்கு விடை தேடினால் எழுத்தே இல்லாத காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

மரத்தின் காலம்

ஸ்காட்லாந்தில் ஆரம்ப காலத்துத் தண்டுகள் ஆஷ், ஹேசல் போன்ற உள்ளூர் மரங்களில் செய்யப்பட்டன. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரம் அவற்றை ஓரங்கட்டியது. வளையும், ஆனால் சுலபத்தில் உடையாது. கைவினைஞர் ஒருவர் இழைத்து இழைத்து மெலிசாக்கி, கையால் வளைத்துப் பார்த்து, போதும் என்று தோன்றும்போது நிறுத்துவார். ஒரே மரத்தில் வெட்டிய ரெண்டு தண்டுகூட ஒரே மாதிரி இருக்காது.

ஹிக்கரிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வளைவதோடு நிற்காது, முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அவசரப்பட்டு வெடுக்குன்னு வீசினால் தலை பின்தங்கி, முகம் திரும்பிப் பந்து எங்கேயோ போகும். அதனால் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் நிதானமா, தண்டுக்காகக் காத்திருந்து அடித்தார்கள். பாபி ஜோன்ஸ் 1930-ல் ஒரே வருஷத்தில் பிரிட்டன், அமெரிக்கா இரண்டின் ஓப்பன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் வென்றது ஹிக்கரி மட்டைகளால்தான். அவர் கடைசிவரை அமெச்சூர், காசு வாங்காமல் ஆடியவர் என்பதையும் கவனிங்க. அவர் தண்டில் எந்த எழுத்தும் இல்லை.

இரும்பு வந்த கதை

இரும்புத் தண்டு ஜோன்ஸுக்கு முன்னாடியே வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்து ஷெனெக்டடி ஊரில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த ஆர்தர் நைட், உள்ளே கூடான எஃகுக் குழாய்த் தண்டுக்கு 1910-ல் காப்புரிமை வாங்கினார். (நம்ம ஜாதிக்காரர். பொறியாளர் ஜாதியைச் சொல்கிறேன், அடிக்க வராதீங்க :-))

ஆனால் விதிகள் இடம் கொடுக்கவில்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924-ல்தான் எஃகை அனுமதித்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து விதி வகுக்கும் ஆர் அண்ட் ஏ இன்னும் அஞ்சு வருஷம் இழுத்து 1929-ல் ஒத்துக்கொண்டது. ஆட்டம் பரவப் பரவ நல்ல ஹிக்கரி கிடைப்பது கஷ்டமானதும் இதற்கு ஒரு காரணம்.

அதுக்கப்புறம் நடந்தது வேகம். 1931-ல் பில்லி பர்க், டொலீடோவில் நடந்த யு.எஸ். ஓப்பனை எஃகுத் தண்டுகளால் வென்ற முதல் ஆள் ஆனார். 72 குழிகளில் சமநிலை, முடிவு தெரிய இன்னொரு 72 குழி, ஆக மொத்தம் 144 குழிகள்! 1936-ல் ஜானி ஃபிஷர் ஹிக்கரியால் யு.எஸ். அமெச்சூர் பட்டம் வென்றதோடு மரத்தின் கதை முடிந்தது.

எஃகு முறுக்கிக்கொள்ளவில்லை. ஆகவே காத்திருக்க வேண்டியதில்லை, காலையும் இடுப்பையும் போட்டு வேகமா வீசலாம். பைரன் நெல்சன் தன் வீச்சையே எஃகுக்கு ஏற்ப மாற்றிக் கட்டினார். 1945-ல் தொடர்ச்சியா 11 போட்டிகளை வென்றவர் அவர்தான். இன்றைய வீச்சின் தந்தை என்று அவரைச் சொல்வதற்கு இதுதான் காரணம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க: தண்டு மாறியதும் மனுஷன் தன்னை மாற்றிக்கொண்டான். பின்னாடி இது தேவைப்படும்.

எழுத்து எப்படி வந்தது?

மரத்தை ஒரே மாதிரி செய்ய முடியாது. குழாயைச் செய்ய முடியும். சுவரின் தடிமன், படிப்படியாகக் குறையும் விட்டம் இரண்டையும் மாற்றினால் தொழிற்சாலையே வேண்டிய விறைப்பைத் தீர்மானிக்கலாம். மாஷி, நிப்லிக் என்று பேர் வைத்திருந்த மட்டைகள் எண் போட்ட செட்டுகளாக ஆனதும் இந்தக் காலத்தில்தான். விற்பனை பெருகி, சில ஆட்டக்காரர்கள் 25-க்கும் மேல் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு (சரி, உதவியாளர் முதுகில் ஏற்றிக்கொண்டு) திரிந்தார்கள். அதனால்தான் 1938-ல் அமெரிக்காவிலும் 1939-ல் பிரிட்டனிலும் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது என்று விதி வந்தது.

விறைப்பைத் தொழிற்சாலை தீர்மானித்தால் அதை வாங்குபவனிடம் சொல்ல ஒரு லேபிள் வேணுமே? அதுதான் அந்த எழுத்துகள். இதில் ஒரு வேடிக்கை. ஏ என்பது முதலில் அமெச்சூர் என்பதன் சுருக்கமாகவே இருந்தது என்பார்கள். காலப்போக்கில் அது வயதானவர்களுக்கான எழுத்தாகிவிட்டது. அமெச்சூருக்கென்று இருந்த ஒரே எழுத்தும் போச்சு. எந்த நாற்பது வயசுக்காரர் 'தாத்தா தண்டு' கேட்டு வாங்குவார்? எஸ் கேட்பதில் ஒரு மீசை முறுக்கல் இருக்கிறதல்லவா!

அதைவிடப் பெரிய விஷயம், இந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. கிரிப் பக்கத்தை இறுக்கிப் பிடித்து முனையை அதிரவிட்டு, நிமிஷத்துக்கு எத்தனை அதிர்வு என்று எண்ண முடியும். எண்ணவும் செய்கிறார்கள். ஆனால் இத்தனை அதிர்வுக்கு இந்த எழுத்து என்று எந்தச் சங்கமும் விதிக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் எஸ்ஸை விட விறைப்பா இருக்கலாம். சட்டைக் கடையில் ஒரு பிராண்டின் மீடியம் சரியா இருக்கும், இன்னொன்றில் மூச்சு முட்டும். அதே கதைதான்.

பிறகு கார்பன் இழை வந்தது. 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வலுவான இழை அது. ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் இருந்த ஃபிராங்க் தாமஸ் 1969-ல் அதைக் கொண்டு கிராஃபைட் தண்டு வடிவமைத்தார். எஃகுத் தண்டு 110, 120 கிராம் என்றால் இன்றைய டிரைவரின் கிராஃபைட் தண்டு 50, 60 கிராம். எடை, விறைப்பு, முறுக்கு மூன்றையும் தனித்தனியா மாற்றலாம் என்றானதும் தேர்வுகள் பெருகின. குழப்பமும் பெருகியது.

ஆய்வுக்கூடம் என்ன சொல்லுது?

1938-ல் ஹரால்ட் எட்ஜர்ட்டன் தன் மின்னொளி கேமராவால் டென்ஸ்மோர் ஷூட் என்ற ஆட்டக்காரரின் வீச்சைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தார். தண்டு வளைவது அதில் தெளிவாகத் தெரிகிறது. அப்போ வளைவு பொய் இல்லை. அது பந்தை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

அலஸ்டேர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரும் 1968-ல் வெளியிட்ட ஆய்வு நூல் ஒரு பெரிய நம்பிக்கையை உடைத்தது. தலையும் பந்தும் தொட்டிருப்பது ஒரு வினாடியில் ஏறத்தாழ 2000-ல் ஒரு பங்கு. அதற்குள் தண்டால் எதுவும் செய்ய முடியாது. பந்தைப் பொறுத்தவரை அந்தக் கணத்தில் தலை தனியாகப் பறந்து வருவது மாதிரிதான். தலைக்குச் சற்று மேலே கீல் வைத்த மட்டையால் அடித்தும் பார்த்தார்கள். பந்து நன்றாகவே போனது.

ஆனால் அடிக்கு முன்னால் தண்டுக்கு வேலை இருக்கு. தலையின் எடை தண்டின் நேர்கோட்டில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பதால், வேகம் கூடும்போது தண்டு முன்பக்கமா வளைந்து முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புகிறது. மென்மையான தண்டு இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திருப்பும், பந்து உயரமா போகும். வேகம்? 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் 20 திறமையான ஆட்டக்காரர்கள் எல், எக்ஸ் என இரண்டு முனைத் தண்டுகளாலும் அடித்தார்கள். தலையின் வேக வித்தியாசம் ஒரு சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. சராசரி ஆண் அமெச்சூரின் டிரைவர் வேகம் மணிக்குச் சுமார் 93 மைல். அதில் ஒரு சதவிகிதம் என்றாலே ஒரு மைலுக்கும் கீழே. நம்ம ஆள் அடுத்தடுத்து அடிக்கிற ரெண்டு அடிக்கு நடுவிலேயே அதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். பந்து முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் போகிற தூரம் தனிக்கணக்கு.

அதே ஆண்டு வெளியான வேறு ஆய்வுகள் ரெண்டு விஷயம் சொல்கின்றன. ஒன்று, தண்டு மாறினால் ஆட்டக்காரர் தன்னை அறியாமலே வீச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறார். நெல்சன் தெரிந்து செய்ததை மற்றவர்கள் தெரியாமல் செய்கிறார்கள். ரெண்டாவது, விளைவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருத்தருக்கு வேகம் கூடும், இன்னொருத்தருக்கு ஒன்றுமே ஆகாது. சராசரி சின்னது என்பதால் தனி ஆளுக்கும் சின்னது என்று சொல்லிவிட முடியாது.

சரி, முடிவா என்ன சொல்ற?

வளைவு நிஜம். எழுத்து வியாபாரம். அமெச்சூருக்கு வளைவின் பங்கு உண்டு, ஆனால் வரிசையில் பின்னால்தான். முதலில் பந்து நடுவில் படணும். அடுத்தது தண்டின் எடையும் நீளமும். அப்புறம்தான் விறைப்பு. அதையும் எழுத்தைப் பார்த்து எடுக்காமல், பந்து போகிற உயரத்தையும் திசையையும் பார்த்து எடுக்கணும்.

இதில் உண்மையாகவே மாட்டிக்கொள்வது யார் தெரியுமா? குழந்தைகள். அப்பாவின் பழைய மட்டையைப் பாதியா வெட்டிக் கொடுப்பது பல ஊரில் வழக்கம். தண்டு குட்டையானால் இன்னும் விறைப்பாகும், தலையின் எடை மட்டும் குறையாது. அந்தப் பிள்ளை எதைத் தூக்கி எப்படி வீசும்? ஒரு மைலுக்கும் குறைவான வித்தியாசத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் பெரியவர்கள், அதில் ஒரு பங்கைப் பிள்ளைக்குச் சரியான மட்டை வாங்கச் செலவழிக்கலாம்.

ஆடுகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். நண்பரை விட்டு ஆர், எஸ் ரெண்டிலும் எழுத்தை மறைத்து டேப் ஒட்டச் சொல்லி, பத்து பத்து பந்து அடிச்சுப் பாருங்க. எது எதுன்னு கண்டுபிடிக்க முடிஞ்சுதான்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. மற்றவங்க வழக்கம்போல கும்மியடிக்கலாம் :-)