மௌன யாத்திரிகர் சியாங் யீ

நம்மிடையே எழுத்து வேறு, ஓவியம் வேறு. சீன தேசத்திலோ இரண்டிற்கும் ஒரே தூரிகை, ஒரே மை. கோட்டின் அழுத்தத்தையும் வேகத்தையும் கண்டே அதை இட்டவரின் உள்ளத்தை அளந்துவிடுவார்கள். காகிதம் மையை உடனே உறிஞ்சிக் கொள்வதால், இட்ட கோட்டைத் திருத்த வழியில்லை. இந்தக் கலையின் நுட்பத்தை மேலை நாட்டினருக்கு எடுத்துரைத்த பெருமை சியாங் யீ என்பவருக்கு உண்டு.

1903-ஆம் ஆண்டில் யாங்ட்ஸி ஆற்றங்கரையிலுள்ள ஜியுஜியாங் நகரில் அவர் பிறந்தார். தந்தையும் ஓவியரே. கல்லூரியில் இரசாயனம் பயின்ற சியாங் யீ, பின்னர் மாவட்ட ஆட்சி அதிகாரியானார். ஊழல் மலிந்த நிர்வாகத்தில் மனம் கசந்து, 1933-இல் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் ஊரில் விட்டு இலண்டனுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு இருந்த ஆங்கிலப் பயிற்சி மிகச் சொற்பம். 'ஊமை யாத்திரிகர்' என்று பொருள்படும் சீனப் புனைபெயரை அவர் பூண்டதில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஊமையின் தூரிகை பேசிற்று. சீனரைப் பற்றி இங்கிலாந்தில் அக்காலத்தில் வழங்கிய கதைகளில் அபினிக் கூடங்களும் கொடியவர்களுமே மலிந்திருந்தனர். பிரயாண நூல்களும் விந்தைகளையே பெரிதுபடுத்தின. சியாங் யீயோ இங்கிலாந்தில் ஒற்றுமைகளைத் தேடினார். ஏரி மாவட்டத்துக் குன்றுகளையும், டெர்வென்ட் ஏரியில் நின்ற பசுக்களையும் சீன முறையில் தீட்டினார். பழகிப்போன தங்கள் நிலக்காட்சியை ஆங்கிலேயர் புதிதாகக் கண்டனர். 1937-இல் வெளிவந்த அந்நூலைத் தொடர்ந்து இலண்டன், ஆக்ஸ்போர்டு, எடின்பரோ, பாரிஸ் எனப் பல நூல்கள் தோன்றின. 1938-இல் அவர் வெளியிட்ட 'சீன எழுத்துக்கலை', எழுத்தின் கோடுகளில் உயிர்களின் அசைவைக் காணும் முறையை விளக்கியது. 1942-இல் 'பறவைகள்' என்ற நாட்டிய நாடகத்துக்கு அரங்கக் காட்சியும் உடைகளும் வகுத்துத் தந்தார்.

1940-இல் விமானக் குண்டுவீச்சு அவருடைய இலண்டன் இல்லத்தை அழித்தது. ஆக்ஸ்போர்டில் ஒரு வீட்டின் அறைகளில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். 1955-இல் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். 1966-இல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். இத்தனை புகழுக்கும் அவர் கொடுத்த விலை சிறியதன்று. போரும் அரசியல் மாற்றங்களும் வழியை அடைத்தன. 1975-இல் தாயகம் திரும்பி மனைவியைக் கண்டபோது நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1977-இல் பீக்கிங் நகரில் அவர் உயிர் பிரிந்தது. பிறந்த ஊருக்கு அருகே, லூ மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

ஆக்ஸ்போர்டில் அவர் வாழ்ந்த வீட்டில் 2019-இல் நினைவுப் பலகை பதித்தார்கள். வேற்று நாட்டை நேசிப்பதற்குத் தம் நாட்டுத் தூரிகையை அவர் கீழே வைக்க நேரவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.