தனித்தனியே புறப்படும் பந்தயம்

1968 பிப்ரவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அப்போது நான் பாகூரிலிருந்து பேருந்தில் போய்வந்து புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். பிரான்சிலிருந்து வரும் பத்திரிகைகள் எங்கள் கைக்குக் கிடைக்க இரண்டு மாதமாவது ஆகும். அப்படி வந்த ஒன்றில் ஒரு படம். பனி மூடிய காடு. நடுவே இரண்டு கைகளிலும் கோல் ஊன்றி, காலில் நீளமான பலகை கட்டிக்கொண்டு ஒருவன் போகிறான். மார்பில் எண். அவனுக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் இல்லை. படத்தின் கீழே ‘50 கிலோமீட்டர் பந்தயம்’ என்று போட்டிருந்தது.

“முசே, பந்தயம் என்றால் மற்றவர்கள் எங்கே?” என்று ஆசிரியரைக் கேட்டேன். எனக்குத் தெரிந்த பந்தயமெல்லாம் பொங்கலுக்கு வரிசையாக நின்று, விசில் ஊதியதும் ஒன்றாக ஓடுவதுதான்.

அவர் சிரித்துவிட்டு, கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், கழித்தால் வருவது. “இவர்கள் அரை நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்படுகிறார்கள். முதலில் வந்து சேர்ந்தவன் வென்றவன் அல்ல. மூன்றாவது கட்டத்தில் யாருக்குக் குறைவோ அவனே வென்றவன்” என்றார். அதற்குப் பிரெஞ்சில் ‘கோந்த்ர் லா மோந்த்ர்’ என்று பெயர். கடிகாரத்துக்கு எதிராக என்று பொருள். அந்த 50 கிலோமீட்டரில் வென்றவர் நார்வே நாட்டு ஓலே எல்லெஃப்சேட்டர். இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடினார். இரண்டாவதாக வந்த சோவியத் வீரரைவிட 17 விநாடிகூட முழுதாக முந்தவில்லை.

இந்த முறை வந்ததற்குக் காரணம் எளிது. பனிக்காட்டில் பாதை குறுகல். பலகைகள் ஓடப் பனியில் இரண்டு தடம்தான் இருக்கும். நூறு பேரை ஒன்றாக விட்டால் கோலும் காலும் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொருவராக விட்டால் அந்தத் தொல்லை இல்லை. இதில் இன்னொரு நியாயமும் தானாக அமைந்தது. கூட்டமாக ஓடும்போது முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான். பின்னால் வருகிறவன் அவன் மறைவில் தெம்பைச் சேமித்து, கடைசி இருநூறு மீட்டரில் பாய்ந்து வென்றுவிடலாம். தனியே புறப்படுகிறவனுக்கு ஒதுங்க மறைவு கிடையாது.

சைக்கிள்காரர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தில் சாலையில் கூட்டமாகச் சைக்கிள் பந்தயம் விடுவதற்குப் போலீசாரோடு தகராறு வந்தது. 1895 அக்டோபரில் பிட்லேக் என்பவர் லண்டனுக்கு வடக்கே ஒவ்வொருவராகப் புறப்படவைத்து 50 மைல் பந்தயம் நடத்தினார். பார்ப்பவர்களுக்கு யாரோ தனியே சைக்கிளில் போகிறான் என்றுதான் தோன்றும்! பிரான்சைச் சுற்றும் பெரிய சைக்கிள் பந்தயத்தில் 1934-இல் இது நுழைந்தது. எங்கள் காலத்து நாயகன் ழாக் ஆங்கெத்தீல் இதில்தான் மன்னன். 1964-இல் பூலிதோர் என்பவரை மொத்தத்தில் 55 விநாடியில் வென்றார். மக்களின் மனம் என்னவோ தோற்ற பூலிதோர் பக்கம்தான். பிறகு 1989-இல் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர். அமெரிக்கர் லெமோந்த் 50 விநாடி பின்தங்கிப் புறப்பட்டு, 8 விநாடி முன்னிலையில் முடித்தார். பிரெஞ்சுக்காரர் ஃபின்யோன் கோட்டைத் தாண்டும்வரை யாருக்கும் முடிவு தெரியாது.

இந்தப் பந்தயத்தின் சுவை அங்கேதான் இருக்கிறது. பார்க்கிறவனும் சும்மா இருக்க முடியாது. கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வந்தவன் முகத்தில் களிப்பு இருக்காது. மூச்சு வாங்கிக்கொண்டே, இன்னும் காட்டுக்குள் இருப்பவனுக்காகக் காத்து நிற்பான்.

1980-இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் 15 கிலோமீட்டர் பனிப்பந்தயம். சுவீடனின் தாமஸ் வாஸ்பெர்க் 41 நிமிடம் 57.63 விநாடி. பின்லாந்தின் யூஹா மியேட்டோ 41 நிமிடம் 57.64 விநாடி. விநாடியில் நூறில் ஒரு பங்கு! அவர்கள் போன வேகத்துக்குக் கணக்குப் பார்த்தால் 15 கிலோமீட்டரில் மூன்று விரற்கடை வித்தியாசம். பக்கத்தில் பக்கத்தில் ஓடாத இருவருக்குள் இது! இந்த மியேட்டோ 1972-இலும் 0.06 விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டவர். பதக்கங்களை வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று வாஸ்பெர்க் சொன்னதாகச் சொல்வார்கள். அதன்பின் நூறில் ஒரு பங்கு பார்ப்பதை விட்டுவிட்டு, பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள்.

2006 முதல் ஒலிம்பிக்கில் 50 கிலோமீட்டருக்கு எல்லோரையும் ஒன்றாக விடுகிறார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அதுவே எளிது. முதலில் கோட்டைத் தாண்டியவன் வென்றவன். அந்த ஆண்டு இத்தாலியின் தி சென்டா 0.8 விநாடியில் வென்றார். 2010-இல் நார்வேயின் நார்துக் 0.3 விநாடியில் வென்றார். அதிலும் விறுவிறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் ஓடியும், கண்ணில் நிற்பது கடைசி ஒரு நிமிடம்தான்.

பனியெல்லாம் நமக்கு எதற்கு என்பீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே இரண்டு முறையும் உண்டு. சிவகங்கை, ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் வண்டிகளை ஒன்றாகவே விடுவார்கள். முந்துவதும் முட்டுவதும் சாலையில் அமளிதான். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளாவில் ஒவ்வொரு வண்டியாகத் தனியே விட்டு, 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்துக்கு விநாடி கணக்குப் பார்ப்பார்கள். உறவினர் வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு பெரியவர் சொன்னார்: “மத்த வண்டியப் பாத்து மாடு ஓடக் கூடாதுங்க. அதோட ஓட்டம் அதுக்குத் தெரியோணுங்க.” எங்கள் முசே கரும்பலகையில் போட்ட மூன்றாவது கட்டம் அப்போது நினைவுக்கு வந்தது.

1998-இல் ஜப்பானின் நகானோவில் 10 கிலோமீட்டர். நார்வேயின் பியோர்ன் டேலி தங்கம் வென்றார். கடைசியாக, 92-ஆவதாக வந்தவர் கென்யாவின் பிலிப் பாய்ட். நம்மைப் போல வெயில் நாட்டுக்காரர், பனிப்பலகை பழகி இரண்டே ஆண்டு. டேலியைவிட 20 நிமிடம் அதிகம் எடுத்தார். டேலி கோட்டருகே அதுவரை நின்று, பாய்டைக் கட்டித்தழுவினார். பாய்ட் தன் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார். 2018-இல் பியோங்சாங்கில் நம் ஜகதீஷ் சிங் 15 கிலோமீட்டர் ஓடி 103-ஆவதாக வந்தார். அவருக்கும் தனிப் புறப்பாடு, தனி நேரம்.

என் தலைமுறைக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல. பிரெஞ்சில் படித்து முடித்து வெளியே வந்தபோது அலுவலகம் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. குறிப்பு எழுதவும் தட்டச்சு செய்யவும் புதிதாகக் கற்றுக்கொள்ளவே எனக்குச் சில ஆண்டுகள் போயின. பதவி உயர்வுப் பட்டியலில் எனக்கு மேலே இருந்த பெயர்களைப் பார்த்துப் புழுங்கிய நாட்கள் உண்டு. அந்தப் புழுக்கத்தில் நல்ல நண்பர் ஒருவரோடு ஆறேழு ஆண்டுகள் பேசாமலே இருந்தேன். அவர் ஒரு தவறும் செய்யவில்லை, எனக்கு முன்னால் புறப்பட்டவர், அவ்வளவுதான்.

போன மாதம் வில்லியனூரில் ஒரு திருமணத்தில் அவரைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னய்யா, கடைசிவரைக்கும் எனக்குப் பின்னாலதானே வந்தே?” என்று கேலி செய்தார்.

“நான் புறப்பட்ட நேரத்தைக் கழிச்சுப் பாருய்யா” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பாயசம் வரும்வரை கிரெனோபிள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.